தோலுரித்த மீன்

"கிளாத்திதான். தைரியமாகச் சமை" என்று நான் சிஜிக்குச் செய்தி அனுப்பியபோது காலை மணி பத்தேகால். கூடவே ஒரு கட்டைவிரல் படமும் அனுப்பினேன். அந்த மீனைத் தின்னப் போகிறவர் என் கணவர் என்பது எனக்குத் தெரியச் சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. 

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ராஜஸ்ரீ. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளே, பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் வெங்காயம்கூட வேண்டாம் என்கிற வீடு. நான் பார்க்கிற வேலையோ, விழிஞ்ஞம் கரையில் தினமும் வந்து இறங்குகிற மீனை இனம் பிரித்து எழுதுவது. கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொன்னபோது மாமியார் சூடாமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வேலை முடிந்து வந்தால் முன்வாசல் கிடையாது. பின்பக்கச் சந்து வழியாக வந்து, கிணற்றடிக் குளியலறையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் வருகிறேன். தெருவில் யாராவது கேட்டால் "சர்க்கார் ஆபீஸ்" என்போம், அவ்வளவுதான்.

ஒரு மீனைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. ஆனால் எந்த மீனைக் காட்டினாலும் குடும்பம் சொல்வேன். மோவாயில் இரண்டு மீசை தொங்கினால் நகரை. அந்த மீசையால் மணலைக் கிண்டிக்கொண்டே போகும். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் மாதிரி நீண்டு வருவது காரல். கடற்பாசியை மட்டும் மேய்கிற சைவம் ஓரா. ஆனால் அதன் முதுகிலும் வயிற்றிலும் இருக்கிற முள்ளெல்லாம் விஷம். இதை ஒரு நாள் சொன்னபோது அனந்த் தன் அம்மா இருந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அனந்த் என் கணவர். வங்கியில் வேலை. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது "இன்னிக்கு என்ன வந்தது?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல, "அது பயந்தா என்ன பண்ணும்?" என்பார். எப்போதும் அதே கேள்விதான். சீலா எதற்கும் பயப்படாது, நேரே வந்து முகத்தைப் பார்க்கும். காரல் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். பேத்தை தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பந்தாக ஊதிவிடும். கிளாத்தி மட்டும் பாறைப் பொந்துக்குள் புகுந்துகொண்டு முதுகின் பெரிய முள்ளை நிமிர்த்திவிடும். அப்புறம் யார் இழுத்தாலும் வராது. முள் ஒடியுமே தவிர மடங்காது. அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொரு முள் இருக்கிறது. அதுதான் பூட்டு. அதை விரலால் அமுக்கினால் பெரிய முள் தானாகப் படுத்துவிடும். இதைக் கேட்டு அனந்துக்கு அப்படியொரு சந்தோஷம். ருசி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

சிஜி, அனந்தோடு வேலை பார்க்கும் அனிலின் மனைவி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். இப்போது கரமனையில் இருக்கிறார்கள். மீனில் ஏதாவது சந்தேகம் என்றால் எனக்குத்தான் படம் அனுப்புவாள். அன்றைக்கு மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. அவள் அனுப்பிய படத்தில் ஒரு தட்டு. தட்டில் தலையும் இல்லாமல் தோலும் இல்லாமல் வெள்ளை வெளேரென்று நாலு மீன். கூடவே குரல் செய்தி:

"அக்கா, எப்பவும் மீன் கொண்டு வர ஞானபாய் இண்ணைக்கு வரல்ல. பைக்கில ஒரு புது ஆளு வந்தாரு. தோலு உரிச்ச கிளாத்தின்னு தந்தாரு. ஒரு விருந்தாளி வராங்க. எங்களுக்கு லெந்து நோம்பாக்கும், ஈஸ்டர் வரைக்கும் மீன் திங்கமாட்டோம். உப்புகூட நாக்கில வச்சுப் பாக்க முடியாது. அதான் உங்ககிட்ட கேக்கேன். இது கிளாத்திதானா?"

கிளாத்தியை உரித்துத்தான் விற்பார்கள். அதன் தோல் மரப்பட்டை மாதிரி இருக்கும். சரி. ஆனால் விஷமுள்ள பேத்தையை உரித்தாலும் இதே வெள்ளைதான். நான் படித்ததெல்லாம் தோல், முள், பல், செதில். அது நாலும் போன பிறகு தட்டில் கிடப்பது எனக்கு வெறும் சதை. "தெரியாது, தூக்கிப் போடு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் "மேடத்துக்குத் தெரியாத மீனா" என்று பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய்க்கொழுப்பு ஏறியிருந்தது. படத்தைப் பெரிதாக்கி இரண்டு நிமிஷம் பார்த்தேன். பார்த்த பாவனையிலேயே பதில் போட்டேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அனந்த் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு மளிகை வாங்கப் போவார். நாலு சாமானுக்கு நாலு மணி நேரம் ஆக்குவார். பேரம் பேசத் தெரியாத மனுஷன், கடைக்காரரிடம் வாயைக் கொடுத்து நிற்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பி வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளிப்பார். "சாலைக் கம்போளத்துத் தூசி" என்பார். அன்றைக்கும் இரண்டு மணிக்கு வந்தார், குளித்தார், கூடத்தில் உட்கார்ந்தார். மாமியார் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லேம்மா. உதடு மரத்துப்போன மாதிரி இருக்கு. பல்லு பிடுங்கினா இருக்குமே, அது மாதிரி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நாக்கும்."

மாமியார் முகம் வெளுத்தது. மாமனார் பக்கவாதத்தில் போனவர், அதே கூடத்தில். அவள் மகன் கையைப் பிடித்துத் தடவ ஆரம்பித்தாள். நான் கையை உயர்த்தச் சொன்னேன். இரண்டையும் உயர்த்தினார், இரண்டும் ஒன்று போல நடுங்கி ஒன்று போல இறங்கின. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார்.  எப்படியோ ஆட்டோ பிடித்தோம்.

ஆட்டோவில் அவர் தலை என் தோளில் கிடந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது புத்தகத்தில் படித்த ஒரு பக்கம் மூளையில் திரும்பத் திரும்ப வந்தது. உதடு, நாக்கு, விரல் நுனி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அப்புறம் கை கால் சோர்வது. கடைசியில் மூச்சு. இதை நான் மீனவர் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும், சில வகையில் சதையிலும் இருக்கிற விஷம். வேகவைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் கிடையாது. ஆனால் அது மீன் தின்றவருக்கு வருவது. இவர் முட்டை கலந்த கேக்கைக்கூட வேண்டாம் என்று ஒதுக்குகிறவர். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிஜியின் தட்டு கண் முன்னால் வந்தது. வேண்டாம் என்று தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுஷா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். மாமியார் முந்திக்கொண்டாள், "கார்த்தாலே தோசை. மத்தியானம் வெளியிலே சாப்பாடு." அனந்த் மெதுவாகச் சொன்னார், "மீல்ஸ். சாலையில. வெஜிடேரியன்." நாக்கு குழறியது. டாக்டர் பக்கவாதம் என்றே எழுதி ஸ்கேனுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று.

வெளியே நின்று சிஜிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. பத்துத் தடவை அழைத்தேன். அனிலுக்கும் அழைத்தேன். நோன்புக் காலத்துச் சனிக்கிழமைப் பிரார்த்தனைக்கு இருவரும் சபையில் இருந்தார்களாம். போன் இரண்டும் ஊமையாகப் பையில் கிடந்ததாம். பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த விருந்தாளி யாராக இருந்தாலும் இந்நேரம் எங்கேயோ கிடக்கிறார் என்பதுதான். 

ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் அனந்தால் காலைத் தூக்க முடியவில்லை. மூச்சு மேல்மூச்சாக வந்தது.

"மேடம், இது ஸ்ட்ரோக் அல்ல. எந்தெங்கிலும் விஷம் உள்ளில் போயோ? மீன் கழிச்சோ?" என்று மலையாளத்தில் கேட்டாள். ஏதாவது விஷம் உள்ளே போயிற்றா, மீன் சாப்பிட்டாரா என்கிற அந்தக் கேள்வி எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்து விழுந்தது.

நான் அனந்தின் காதருகே குனிந்தேன். "எங்கே சாப்ட்டேள்? என்ன சாப்ட்டேள்? நான் கோச்சுக்கமாட்டேன். சொல்லுங்கோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை இல்லை என்று அசைத்தார். மறுபக்கம் மாமியார் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். நகரவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடி இல்லை என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகப்போகிற மனுஷன் அம்மாவுக்குப் பயந்து பொந்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாரே என்று. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். நர்ஸ் வந்து என்னை விலக்கினாள்.

அப்போது மாமியார் பேசினாள். டாக்டரைப் பார்த்து, தமிழிலேயே.

"அவன் மீன் சாப்பிடறவன்தாம்மா. நாலு வருஷமாச்சு. மாசத்துல ஒரு சனிக்கிழமை."

பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"மீனைத் தொடறவ இவ. இவ பின்பக்கமா வந்து குளிக்கறா, அது நான் சொல்லி. தொடாதவன் எதுக்குடா கிணத்தடியில போய்க் குளிக்கணும்? மளிகைக்கடைக்குப் போய்ட்டு வந்து யாராவது புளியைப் போட்டுக் கையைத் தேய்ப்பாளோ?" அவர் கையை விடாமலே தொடர்ந்தாள். "நான் கேட்டா நீ பொய் சொல்லணும். என் பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பானேன்னு இருந்துட்டேன். இப்ப மதி, போறும். நேக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ இருந்தா போறும். எங்கேன்னு சொல்லுடா."

அனந்த் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். பூட்டு எங்கே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். உதடு அசையாமல், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கரமனை. அனில் வீடு."

தலையில் இடி விழுந்தது என்பார்களே, எனக்கு அப்படி எதுவும் விழவில்லை. காலடியில் இருந்த தரையைத்தான் காணோம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், தோலுரிச்ச மீன். பேத்தையாக இருக்கும். மூச்சு நின்னுடும், மெஷின் வைங்கோ" என்று ஏதோ ஒரு மொழியில் சொன்னேன். அவள், "எப்படித் தெரியும்?" என்றாள். "மீன் ஆபீஸில் வேலை" என்றேன். அது உண்மைதான். ஆனால் காலை பத்தேகாலுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு எந்த விஷமும் இல்லாமலே.

ஐந்து மணிக்கு அவருக்கு மூச்சு நின்றது. குழாய் போட்டு மெஷினில் இணைத்துவிட்டார்கள். விரல் அசையவில்லை, இமை அசையவில்லை, கண்மணி ஒளியைப் பார்த்துச் சுருங்கவில்லை. நான் தினமும் ஐஸ் பெட்டியில் பார்க்கிற கண் மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்காக என்னையே அறையலாம் போலிருந்தது.

டாக்டர் அனுஷா என் தோளைத் தொட்டாள். நாளை சாயங்காலம் தாண்டினால் பிழைத்துவிடுவார் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள்: "இந்த விஷம் மூளைக்குள் ஏறாது. அவருக்கு எல்லாம் கேட்கும். பதில் சொல்லத்தான் முடியாது. மயக்க மருந்தும் கொஞ்சமாகத்தான் கொடுத்திருக்கிறோம். அதனால் பேசிக்கொண்டே இருங்கள்."

எல்லாம் கேட்கும் என்றதும்தான் எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது. அசைய முடியாமல், கத்த முடியாமல், இருட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். அது பயந்தால் என்ன பண்ணும் என்று என்னைக் கேட்கிறவர். இப்போது இவர் பயந்தால் என்ன பண்ணுவார்? ஒன்றுமே பண்ண முடியாது.

சிஜியும் அனிலும் சபை முடிந்து, போனைப் பார்த்துவிட்டு, ஓடி வந்திருந்தார்கள். சிஜி கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்குத் தட்டில வைக்கும்போதே ஒரு சந்தேகம் இருந்துச்சு அக்கா. முள்ளுப் பக்கம் என்னவோ மாதிரி இருந்துச்சு. தெங்கு மரத்து மூட்டில புதைச்சிரலாம்னுதான் நெனச்சேன். நீங்க சொன்னீங்கல்லா. ஆபீஸ்ல உள்ளவங்களுக்குத் தெரியாதான்னு..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து மீன் தின்று வளர்ந்தவள் அவள். அவளுக்கு விரல் சொல்லியிருக்கிறது. அந்த விரலை அமுக்கிவிட்டது என் கட்டைவிரல்.

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் எதிரே ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் இஸ், இஸ் என்று மூச்சு விட்டது. பேச வேண்டும். என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது மீன்தான். நகரை மணலைக் கிண்டுவதைச் சொன்னேன், ஓராவைச் சொன்னேன்.  கிளாத்தி வந்ததும் நின்றுவிட்டேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்த மீன் கிளாத்தின்னு சொன்னது நான்தான். சிஜி காலம்பர படம் அனுப்பிக் கேட்டா. எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்தது. தைரியமாச் சமைன்னு எழுதினேன்."

பாதிக்கு மேல் எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. மாலை உருளுவது நின்றது. மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்னை என்ன சொன்னாலும் தகும் என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அவன் காதுல விழணும்னா இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல். அந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோபமா, அழுகையா, காறித் துப்ப வேண்டும் போலிருந்ததா, எதுவும் தெரியவில்லை. அப்படியே இருபது மணி நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடதுகைச் சுண்டுவிரல் அசைந்தது. நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தாள். சாயங்காலம் கண் திறந்தது. தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாது. டாக்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தாள். மெதுவாக, கோணல் எழுத்தில், "எல்லாம் கேட்டது" என்று எழுதினார். நான் அழுதுவிட்டேன்.

"பின்னே ஏன் அப்படி அடம் பிடிச்சேள்?" என்று கேட்டேன். "டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்குமே. அம்மாவுக்கா அவ்வளவு பயம்?"

அவர் தலையை அசைத்தார். இல்லை. பேனாவை மறுபடி பிடித்தார். நாலு வரி எழுத எவ்வளவோ நேரம் ஆயிற்று.

'தட்டு வெச்சப்பவே சிஜி உன் மெசேஜ் காமிச்சா. என் ஆத்துக்காரியே சொல்லிட்டான்னு சிரிச்சோம். உதடு மரத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெளியே சொன்னா உன் பேர் வரும். சரியாயிடும்னு நெனச்சேன்.'

மாமியார் கையை நீட்டித் தாளை வாங்கினாள். தூரத்தில் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் மடியில் வைத்தாள். 

அவள் மட்டும் நேற்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என் பேரைக் காப்பாற்றிக்கொண்டே இந்த மனுஷர் போய்ச் சேர்ந்திருப்பார். நானும் என்ன நோயென்றே தெரியாது என்று சொல்லி அழுதிருப்பேன். மடியில் இருந்த தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். அனந்த் அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடிக்க வந்தார். அவர் விரல்களில் இன்னும் பிடி வரவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.